மூன்று மாதக் கெடுவை யார் வைத்தது?

"மூன்று மாதம் முடிந்துவிட்டது மேடம். இனிமேல் கை கால் வராது என்று சொன்னார்கள். அதனால்தான் பயிற்சியை நிறுத்திவிட்டோம்."

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி தரும் எனக்கு, அவர்களின் வீட்டாரிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்த மாதமும் கேட்டேன். லேத் பட்டறை வைத்திருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். வலது பக்கம் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, கைத்தடியுடன் தெருமுனை வரை நடந்திருக்கிறார். அதன்பின் யாரோ சொன்ன கெடுவை நம்பி வீடே ஓய்ந்துவிட்டது. என்னிடம் வந்தபோது வலது கை முஷ்டியாக மூடி மார்போடு ஒட்டிக் கிடந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கைத் தோல் வெளுத்து ஊறியிருந்தது. நகங்கள் அழுந்திய இடங்களில் புண், வாடை வேறு. "திறந்தால் வலிக்கிறது என்றார், அதனால் விட்டுவிட்டோம்" என்று அவருடைய மனைவி அழுதார். அந்தக் கையின் கட்டைவிரல் இன்னும் அசைகிறது! ஐந்து மாதத்தை அநியாயமாகத் தொலைத்திருக்கிறார்கள்.

இந்த மூன்று மாதக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு மூளை தன்னைச் சீர்செய்துகொள்ளும் வேகம் முதல் மூன்று மாதங்களில் மிக அதிகம். ஆறு மாதம் வரை ஓரளவு தொடரும். பிறகு வேகம் குறையும். குறையும் என்றுதான் பாடப்புத்தகமும் சொல்கிறது. அது வாய்வழியாக வீடு வந்து சேரும்போது 'அதோடு சரி' என்று ஆகிவிடுகிறது. முதல் மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள் என்று எச்சரிக்கச் சொன்னதை, நான்காம் மாதம் படுக்கையை விரித்துக் கொடுக்கும் அனுமதியாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

அமெரிக்காவில் நடந்து 2006ல் வெளியான ஓர் ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள் 222 பேர் அதில் பங்கேற்றார்கள். பயிற்சி பெற்றவர்கள் நன்றாக இருக்கும் கையில் உறையை மாட்டிக்கொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பலவீனமான கையாலேயே வேலை செய்யப் பழகினார்கள். மொத்தம் இரண்டு வாரம்தான். கை தேறியது. அந்தத் தேர்ச்சி ஓராண்டு கழித்தும் நிலைத்தது. ஓராண்டு காத்திருந்து பிறகு இதே பயிற்சியைப் பெற்றவர்களுக்கும் கை முன்னேறியது. லண்டனில் குவீன் ஸ்குவேர் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப் பயிற்சி தருகிறார்கள். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டைக் கடந்தவர்கள். அவர்களும் தேறுகிறார்கள்.

எல்லோருடைய கையும் பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மேற்சொன்ன உறைப் பயிற்சிக்கு மணிக்கட்டிலும் விரல்களிலும் கொஞ்சமாவது அசைவு இருக்க வேண்டும். சிலருக்கு அது வராமலே போகலாம். ஆனால் வருமா வராதா என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கையைச் சோதித்துப் பார்த்துச் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.

அடுத்து, பாசம் செய்யும் கேடு. இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு பெரியவரின் கையில் காலி டம்ளரைக் கொடுத்தேன். நடுங்கினாலும் வாய் வரை கொண்டுபோனார். கூட வந்த மகள் திகைத்துவிட்டார். வீட்டில் காபியை அவர்தான் இத்தனை நாளும் ஊட்டிவந்திருக்கிறார். சிந்திவிடுவாராம், நேரமாகுமாம். அம்மா, சிந்தட்டும். பயன்படுத்தாத கையை மூளை மறக்கப் பழகிவிடும். நீங்கள் ஊட்டும் ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் கை ஒரு பயிற்சியை இழக்கிறது. எங்களிடம் வரும் முக்கால் மணி நேரம் எந்த மூலைக்கு? அமெரிக்க, கனடிய மையங்களைப் பார்த்து 2009ல் எழுதிய ஓர் ஆய்வில், ஓர் அமர்வில் கை உருப்படியாகச் செய்த அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே. விலங்குகளில் மூளை மாறுவதைக் காட்டிய சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்யவைத்தார்கள். மீதியை வீட்டில்தான் செய்ய வேண்டும். சட்டைப் பொத்தான், கதவுத் தாழ்ப்பாள், மடிக்க வேண்டிய துண்டு, உரிக்க வேண்டிய பட்டாணி எல்லாமே பயிற்சிதான்.

'மனசு வைத்தால் நடக்கலாம், இவர் மனசு வைக்க மாட்டேன் என்கிறார்' என்ற குற்றச்சாட்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது நோய். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று திட்டுவதற்குப் பதில் மருத்துவரிடம் சொல்லுங்கள். இடது பக்கம் விழுந்தவர்களில் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனத்தில் பதியாது. தட்டில் இடப்பாதிச் சோற்றை அப்படியே விட்டு எழுந்துவிடுவார்கள். இதைப் பிடிவாதம் என்று நினைக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். பேச்சு வராதவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று எண்ணி, அவர் எதிரிலேயே சொத்து விவகாரம் பேசுகிறவர்களும் உண்டு. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் ஐயா, எல்லாவற்றையும்.

வயதானவர்கள் எம்.ஜி.ஆரை நினைவுகூர்வார்கள். 1984 இறுதியில் பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்புமாக அமெரிக்காவின் புரூக்ளினுக்குப் போனவர், 1985 பிப்ரவரியில் திரும்பி முதல்வராகப் பதவியேற்றார். 'அவருக்கு அமெரிக்கா, நமக்கு என்ன?' என்பார்கள். அவருக்கும் பேச்சு பழையபடி திரும்பவில்லை. தெளிவில்லாத அந்தப் பேச்சோடுதான் 1987 டிசம்பரில் மறையும்வரை பொது வாழ்வில் இருந்தார்.

சறுக்கல் வரும். ஒரு காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, குளியலறையில் ஒரு வழுக்கல் என ஏதாவது ஒன்று வந்து, நடந்துகொண்டிருந்தவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். உடனே வீடே இடிந்துபோகிறது. தொற்றுக்கும் சர்க்கரைக்கும் மருத்துவம் பார்த்துவிட்டு, விட்ட இடத்துக்கு இரண்டு படி கீழிருந்து தொடங்கினால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். முன்னேற்றமே தெரியாமல் வாரக்கணக்கில் நின்றுபோவதும் இயல்பு. அப்போது பயிற்சியை மாற்ற வேண்டும், நிறுத்தக் கூடாது. ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ, புதிதாக ஒரு கை கால் வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். புறா ரத்தம் தேய்க்கவும், எண்ணெய் போடவும் ஊர் ஊராக அலைந்து அந்த நேரத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

விடாமல் பயிற்சி செய்பவர்களிடம் நான் காணும் பொதுவான ஒன்று, அவர்களாகத் தேர்ந்தெடுத்த ஓர் ஆசை. 'கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டும்' என்பது என் இலக்கு, அவர்களுடையது அல்ல. ஒரு பெண்மணிக்கு வாசலில் புள்ளிக் கோலம் போட வேண்டும். அவ்வளவுதான். மூன்று விரலால் பொடியை எடுப்பதற்கே பல வாரம் ஆனது. எடுத்தால் விடத் தெரியவில்லை, விட்டால் மொத்தமாகக் கொட்டியது. முதலில் மேசைமேல் ஒரு தட்டில், பிறகு முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்து, கடைசியில் வாசலில். நடுவே பக்கத்து வீட்டம்மா 'ஏன் இப்படிக் கோணலாகப் போட்டு வைக்கிறீர்கள், நான் போட்டுத் தருகிறேனே' என்று சொல்லிவிட, பல நாள் கோலப்பொடியைத் தொடவே இல்லை. மருமகள்தான் மறுபடி முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். இன்று ஐந்து புள்ளிக் கோலம் போடுகிறார். கோடு இன்னும் நேராக இல்லை. அவருக்கு அதில் குறையும் இல்லை.

இனிக் கறாராகச் சில. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். விரல்கள் மடங்கி இறுகிய கையில் ரப்பர் பந்தைத் திணிக்காதீர்கள். அந்தக் கைக்கு மூடத் தெரியும், திறக்கத்தான் பழக வேண்டும். தினமும் உள்ளங்கையைத் திறந்து கழுவி, ஈரம் போகத் துடையுங்கள், நகத்தை வெட்டுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை ஒருவர் அருகில் நிற்க ஒரு நாளில் பலமுறை செய்யவையுங்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரை சாப்பிடுவதால்தான் அது சரியாக இருக்கிறது.

வரப் பணமில்லை, வண்டியில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைக் கொடுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இன்று எந்த வேலையை அந்தக் கையால் செய்தார், எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தார் என்று மட்டும் நாள்தோறும் எழுதுங்கள். எழுத முடிந்தால் அவரே எழுதட்டும், பலவீனமான கையால். அடுத்த முறை வரும்போது ஸ்கேன் படத்தை மறந்தாலும் பரவாயில்லை, அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள்.