துருவைத் தொடாதீங்கன்னு இன்னும் எத்தனை தடவை சொல்றது

போன வாரம் ஒருத்தர் வந்தாரு, கையில துணி சுத்துன ஒரு பெட்டி, முகமெல்லாம் சிரிப்பு. "தாத்தாவோட ரிவால்வர் சார், லைசென்ஸ் எல்லாம் என் பேருக்கு மாத்தியாச்சு, நல்லா மதிப்பு போட்டுக் குடுங்க"ன்னு மேசை மேல வச்சாரு. துணியப் பிரிச்சதும் கண்ணு கூசுச்சு, கழுவித் தொடச்ச எவர்சில்வர் குடம் மாதிரி அப்படி ஒரு பளபளப்பு. எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது.

அது ஸ்மித் அண்ட் வெஸன்ங்குற அமெரிக்கக் கம்பெனியோட ஸ்கோஃபீல்டு ரக ரிவால்வர். 1875ல இருந்து 1877 வரைக்கும் செஞ்சது, மொத்தமே 9,000க்கும் கீழ, அதுல பெரும்பகுதி அமெரிக்க ராணுவம் வாங்குனது. இந்த வேலையில இத்தனை வருஷத்துல என் மேசைக்கு வந்த ஸ்கோஃபீல்ட விரல் விட்டு எண்ணிடலாம். இவரு என்ன பண்ணியிருக்காருன்னா, "ஒரே துருவா கருப்பா கெடந்துச்சு சார், பாக்கவே நல்லால்ல"ன்னு மொத்தத்தையும் பஃப்பிங் வீல்ல, அதான் தேய்ச்சுப் பளபளப்பாக்குற சக்கரத்துல குடுத்து, மேல குரோம் போட்டு, கைப்பிடி மரத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சுக் கொண்டாந்திருக்காரு. அந்த மரத்துல ராணுவ இன்ஸ்பெக்டர் குத்துன முத்திரை இருந்திருக்கணும். இப்ப அந்த இடம் மொழுமொழுன்னு இருக்கு. பிடியோட அடியில இருக்குற 'யுஎஸ்' எழுத்துல பாதி காணோம். இந்த வருஷத்துல இது எனக்கு நாலாவது கேஸ், அதான் உக்காந்து எழுதிட்டேன்.

மதிப்பு எவ்ளோ கொறஞ்சிருக்கும்னு கேட்டாரு. பாதிக்கும் கீழ போயிடுச்சுன்னு சொன்னேன், உண்மையில அதைவிட மோசம், முகத்தப் பாத்து சொல்ல மனசு வரல.

நல்லாப் புரிஞ்சுக்கோங்க, இதத்தான் திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கேன். பழைய ரிவால்வர்ல கலெக்டர், அதாவது பழைய துப்பாக்கி சேக்குறவரு, காசு குடுக்குறது இரும்புக்கு இல்ல, அந்த இரும்பு மேல ஃபேக்டரில ஏத்துன மெருகுல இன்னும் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாத்துத்தான். அமெரிக்காவுல கலெக்டர்ஸ் எல்லாரும் வச்சிருக்குற என்ஆர்ஏ (அங்க இருக்குற துப்பாக்கிச் சங்கம்) தர அளவுகோலப் பாருங்க, ஆன்டிக் துப்பாக்கில ஒரிஜினல் ஃபினிஷ் 80 சதவீதத்துக்கு மேல இருந்தா எக்ஸலன்ட், 30க்கு மேல இருந்தா ஃபைன், 30க்குக் கீழ ஒண்ணுமே இல்லாட்டியும் வெரி குட், ஆனா பாகமெல்லாம் ஒரிஜினலா இருக்கணும். கவனிச்சீங்களா? மெருகு சுத்தமாப் போயி இரும்பு பழுப்பேறி நின்னாக்கூட அதுக்கு 'வெரி குட்'னு பேரு. நீங்க புதுசா மெருகு போட்டா 100 சதவீதம் ஆகும்னு நெனைக்கிறீங்க, ஆனா அது ஒரிஜினல் இல்லையே, ஒரிஜினல் சதவீதம் பூஜ்யம், அதோட ஓரங்கள் மழுங்கி எழுத்தும் தேஞ்சு போயிருக்கும். கல்வெட்டு அழுக்கா இருக்குன்னு யாராச்சும் அரம் போட்டுத் தேய்ப்பாங்களா? அதே கதைதான்.

"ஆனா துருப்பிடிச்சத யார் சார் வாங்குவா"ன்னு கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க, எல்லாரும் கேக்குறாங்க. 2019ல பாரிஸ்ல லெஃபோஷூங்குற பிரெஞ்சு ரக ரிவால்வர் ஒண்ணு ஏலத்துக்கு வந்துச்சு, 7 மில்லிமீட்டர், வயல்ல மண்ணுக்குள்ள பல வருஷம் கெடந்து துரு தின்னு ஓட்டையாகி, கைப்பிடியே இல்லாம, பாத்தா பழைய இரும்புக்காரன்கூட எடைக்கு எடுக்க யோசிப்பான். ஓவியர் வான்கோ தன்னையே சுட்டுக்கிட்டது அதுலதான்னு நம்பப்படுற துப்பாக்கி. 1,62,500 யூரோவுக்குப் போச்சு. கண்டெடுத்த விவசாயி அதைத் தேய்ச்சுப் பளபளப்பாக்கியிருந்தா அது மண்ணுல அவ்ளோ காலம் கெடந்ததுன்னு யாருக்கும் காட்டியிருக்க முடியாது, அந்தத் துருதான் அதுக்கு சாட்சி.

ரீஃபினிஷ் பண்ணது, அதாவது பின்னாடி மறுபடி மெருகு போட்டது, எப்படித் தெரியும்னு கேக்குறவங்களுக்கு. வெளிய பாக்காதீங்க, ஓரத்தப் பாருங்க. ஃபேக்டரில ஃப்ரேமோட விளிம்பு சும்மா கத்தி மாதிரி நேரா இருக்கும், பஃப் போட்டா அது சோப்புக்கட்டி மாதிரி உருண்டுடும். ஸ்க்ரூ ஓட்டையச் சுத்தி லேசாக் குழி விழுந்திருக்கும். பேரல் மேல இருக்குற கம்பெனிப் பேர விரல் நுனியால தடவிப் பாருங்க, தேய்க்காத எழுத்துல ஒரு சொரசொரப்பு நிக்கும், தேய்ச்சதுல வழுக்கிட்டுப் போகும். மெருகுக்குக் கீழ பொத்தல் பொத்தலா பழைய துருக்குழி தெரிஞ்சா அதோட கதை முடிஞ்சுது, ஏன்னா துருக்குழி மேல ஃபேக்டரி மெருகு போடாது. அப்புறம் தேய்மானம் நியாயமா இருக்கணும், உறைக்குள்ள போயிட்டு வர பேரல் முனை, உள்ளங்கை படுற பிடி, இங்கல்லாம் மெருகு போயிருக்கணும். சிலிண்டர் பள்ளத்துலயும் கைப்பிடிப் பலகைக்கு அடியிலயும் மிச்சம் இருக்கணும். இது தலைகீழா இருந்தா யாரோ விளையாடியிருக்காங்கன்னு அர்த்தம்.

நிக்கல் போட்ட துப்பாக்கி எல்லாமே மோசடின்னும் நெனைச்சுடாதீங்க, ஃபேக்டரியே நிக்கல் போட்டு வித்திருக்கு. ஸ்மித் அண்ட் வெஸனோட நடுவுல மடங்குற பழைய டபுள் ஆக்‌ஷன்ல நிக்கல் உடம்பா இருந்தாலும் டிரிகரச் சுத்தி இருக்குற வளையம் (டிரிகர் கார்டு) நீல மெருகோடதான் வரும், ஹேமரும் டிரிகரும் கேஸ் கலர்ல, அதாவது இரும்பக் கெட்டிப்படுத்துறப்ப வர்ற திட்டுத் திட்டான நெறத்துல இருக்கும். எல்லாமே ஒரேயடியா வெள்ளையா மின்னுச்சுன்னா பின்னாடி யாரோ முக்கி எடுத்ததுதான். நிக்கல்ல லேசா ஒரு மஞ்சள் சாயல் இருக்கும், குரோம்ல நீலச் சாயல். குரோம் பூச்சு வியாபாரத்துக்கு வந்ததே 1920கள்ல. 1876ல செஞ்சதுல குரோம் இருந்தா, அது தாத்தா காலத்து மெருகுன்னு என்கிட்ட சத்தியம் பண்ணாதீங்க.

அடுத்த தலைவலி தேதி. "சார் இதுலயே போட்டிருக்கு, 1871"ன்னு போட்டோ அனுப்புறாங்க. அது பேட்டன்ட் தேதிங்க. கோல்ட் கம்பெனியோட சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி 1873ல வந்துச்சு, 1940 வரைக்கும் முதல் தலைமுறை ஓடுச்சு, ரொம்பப் பின்னாடி செஞ்சதுலகூட அதே 1871, 1872 பேட்டன்ட் வரி நிக்கும். செஞ்ச வருஷம் சீரியல் நம்பர்லதான் கெடைக்கும். அந்த சீரியல் நம்பர்லயும் ஏமாறுவாங்க, சிலிண்டர வெளிய தள்ளுற ஸ்மித் அண்ட் வெஸன்ல கிரேன் (சிலிண்டரத் தாங்கி வெளிய வர்ற கை) பக்கத்துல ஒரு சின்ன நம்பர் இருக்கும், அது ஃபேக்டரில பாகம் சேக்குறதுக்காகப் போட்டது, அதப் பாத்துட்டு "நம்பர் வெறும் நாலு இலக்கம்தான், ஆரம்பத்துல செஞ்சது போல"ன்னு குதிக்குறாங்க. பழசுல உண்மையான நம்பர் பிடியோட அடியில இருக்கும், அதே நம்பர் சிலிண்டர் பின்பக்கம், பேரல் அடியிலன்னு திரும்ப வரணும், வலதுபக்கப் பலகையோட உள்ள பென்சில்லயாவது எழுதியிருக்கும். நம்பர் பொருந்தலன்னா பாகம் மாத்தியிருக்கு, விலையும் எறங்கும். இந்த நம்பர் சட்டத்துக்கும் முக்கியம், அமெரிக்கச் சட்டப்படி 1898 முடிய செஞ்சதுதான் ஆன்டிக், வேற நாட்டுல கோடு வேற எடத்துல இருக்கும், ஆன்டிக்னு ஒரு கணக்கே இல்லாம எல்லாத்துக்கும் லைசென்ஸ் கேக்குற எடமும் உண்டு. கைமாத்துறதுக்கு முன்னாடி விசாரிங்க, அப்புறமா இல்ல.

பழசுன்னா அபூர்வம்னு அர்த்தமும் இல்ல. 1849 பாக்கெட் கோல்ட் 3 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. அதே கம்பெனி 1847ல செஞ்ச வாக்கர் சுமார் 1,100தான். ரெண்டு மாடலோட பேருக்கும் நடுவுல வித்தியாசம் ரெண்டே வருஷம், விலை வித்தியாசத்த நான் சொல்லவே வேணாம்.

நம்ம ஸ்கோஃபீல்டுக்காரர் எல்லாத்தையும் கேட்டுட்டு கடைசில, "அப்போ மறுபடி துரு ஏத்திக்கலாமா சார்"னாரு. சிரிக்குறதா அழுறதான்னு தெரியல. ஏத்தலாம், அதத்தானே போலி பண்றவங்க செய்றாங்க, இத்தாலில செஞ்ச நகல வாங்கி ஆசிட் ஊத்தி, முத்திரையெல்லாம் தேய்ச்சு எடுத்து, கோல்டோட 1860 ஆர்மின்னு தலைல கட்டிடுவாங்க. முத்திரைய எடுக்க மறந்தா நமக்கு அதிர்ஷ்டம், இத்தாலி ப்ரூஃப் முத்திரையும் (துப்பாக்கி தாங்குதான்னு சோதிச்சுப் பாத்துக் குத்துறது) அதோட வருஷக் குறியும் பேரல்லயோ ஃப்ரேம்லயோ சிக்கும். அதனாலதான் ப்ரூஃப் முத்திரை படிக்கக் கத்துக்கோங்கன்னு சொல்றது. பெல்ஜியத்துல லியேஜ் ஊரோட முத்திரை ஒரு முட்டை வடிவத்துக்குள்ள 'ஈஎல்ஜி'ன்னு இருக்கும், அதுக்கு மேல கிரீடம் இருந்தா 1893க்கு அப்புறம். அந்த ஒரு சின்னக் கிரீடத்த வச்சு "1870ல வாங்குனது"ன்னு சொன்ன குடும்பக் கதைய ஒடச்சிருக்கேன், பாவம், அவங்க டீகூட குடுக்கல. ஸ்கோஃபீல்டுல, பணமும் பார்சலும் கொண்டு போன அமெரிக்கக் கம்பெனியான வெல்ஸ் ஃபார்கோ பேரு குத்தியிருந்தாலும் சந்தேகப்படுங்க, அந்தக் கம்பெனி பேரலக் குட்டையா வெட்டிப் பயன்படுத்துனது உண்மைதான், ஆனா அந்த எழுத்த நேத்து குத்துன ஆளுங்களும் நெறைய.

வெப்லிங்குற பிரிட்டிஷ் ரிவால்வர் வச்சிருக்குறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. நெறைய வெப்லில சிலிண்டரோட பின்பக்கத்தச் சீவி, .455 தோட்டாவுக்கு பதிலா .45 ஏசிபிங்குற வேற தோட்டா போடுற மாதிரி பண்ணியிருப்பாங்க. மதிப்பும் போச்சு, அதவிட முக்கியம், அந்தத் தோட்டாவோட அழுத்தம் வெப்லி தாங்குறதுக்குச் சோதிச்ச அளவத் தாண்டிடும். தயவு செஞ்சு சுட்டுப் பாக்காதீங்க. எந்தப் பழைய துப்பாக்கியையும் "வேலை செய்யுதான்னு" சுட்டுப் பாக்காதீங்க. சும்மா டிரிகர் இழுக்குறது, சிலிண்டர படத்துல வர்ற மாதிரி மணிக்கட்டால சாத்துறது, இதெல்லாமும் வேணாம், நூறு வருஷத்து ஸ்ப்ரிங் அது.

கையில எடுத்ததும் முதல் வேலை காலியா இருக்கான்னு பாக்குறது. பரண்ல 150 வருஷம் கெடந்தாலும் கருமருந்துக்கு வயசாகாது, ஈரம் படலன்னா இன்னிக்கும் வெடிக்கும். கேப் அண்ட் பால் ரிவால்வர்ல, அதாவது மருந்தையும் உருண்டையையும் தனித்தனியா அடைக்குற பழைய ரகத்துல, வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள உருண்டை அப்படியே உக்காந்திருக்கும். எனக்கு ரெண்டு தடவை லோட் ஆன ரிவால்வர பார்சல் மாதிரி சுத்திக் கொண்டாந்து குடுத்திருக்காங்க. இருக்குன்னு தெரிஞ்சா நீங்களே நோண்டாதீங்க, தெரிஞ்சவங்க எடுக்கட்டும்.

சுத்தம் பண்ணியே ஆகணும்னு கை அரிச்சுதுன்னா, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, பருத்தித் துணி, அவ்ளோதான். கைப்பிடி மரத்துல, தந்தத்துல எண்ணெய் படவிடாதீங்க. தந்தம்னா வாங்கி விக்கவும் தனிச் சட்டம் இருக்கு. ஸ்க்ரூ கழட்டாதீங்க, கடைல கெடைக்குற ஸ்க்ரூ டிரைவர் அந்த ஸ்க்ரூ தலைல இருக்குற காடிக்குப் பொருந்தவே பொருந்தாது, காடி பிஞ்ச ஸ்க்ரூவ பத்தடி தூரத்துலயே கண்டுபிடிச்சுடுவோம். தோல் உறைல போட்டு மட்டும் வைக்காதீங்க, தோல் ஈரத்த இழுக்கும், பதனிட்ட அமிலம் இரும்ப அரிக்கும். உறைய தூக்கிப் போட்டுடவும் வேணாம், பக்கத்துலயே தனியா வைங்க. பழைய லைசென்ஸ், ரசீது, போட்டோ எதுவா இருந்தாலும் வைங்க. 1873ல பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் இன்னொரு கவிஞர் ரிம்போவ சுட்ட ரிவால்வர் சாதாரண லெஃபோஷூதான், 2016ல 4,34,500 யூரோவுக்குப் போச்சுன்னா காரணம் அதோட வந்த வரலாறு. கோல்டுக்கும் ஸ்மித் அண்ட் வெஸனுக்கும் பழைய ஏட்டப் பாத்து லெட்டர் குடுப்பாங்க, எப்ப அனுப்புனது, யாருக்கு, என்ன மெருகுன்னு அதுல வரும், காசு குடுத்தாவது வாங்கிடுங்க.

அன்னிக்கு சாயங்காலம் அவரே போன் பண்ணாரு, தாத்தாவோட உறை பரண்ல கெடைச்சிடுச்சாம், உள்பக்கம் ஏதோ பேர் எழுதியிருக்காம். எனக்கு ஒரே சந்தோஷம். "அப்படியே கொண்டாங்க, ஷூ பாலிஷ் மட்டும் போட்டுடாதீங்க"ன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.