இக்னிஷன் லாக்: சொல் விளக்கம்

பழைய வண்டி வைத்திருப்பவர் பட்டறைக்குப் போய் “இக்னிஷன் போய்விட்டது” என்று சொன்னால், மெக்கானிக் முதலில் கேட்பது “சாவி திரும்புகிறதா?” என்பதுதான். சாவியே திரும்பாமல் அடம்பிடித்தால் கோளாறு பூட்டில் இருக்கிறது. சாவி இலகுவாகத் திரும்பியும், பேட்டரி நன்றாக இருந்தும், மீட்டர் விளக்குகள் எரியவில்லை என்றால் பூட்டின் முதுகில் பொருத்தியிருக்கும் மின் சுவிட்சை அவர் சந்தேகிப்பார். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் பிளக்கில் பொறி வரவில்லை என்றால் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் பாயிண்டையும் பார்க்கத் தொடங்குவார். பூட்டு, சுவிட்சு, பொறி ஆகிய மூன்றுக்கும் நாம் இக்னிஷன் என்ற ஒரே சொல்லை வழங்குகிறோம். ஒரு சொல் மூன்று பொருள்களைச் சுமப்பதால் பேச்சில் பெரிய இடைஞ்சல் இல்லை. தமிழ்ச் சொல் தேடும்போதுதான் இடறுகிறது.

இக்னிஷன் என்பது நெருப்பைக் குறிக்கும் ‘இக்னிஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடமொழியின் ‘அக்னி’ இதற்கு உறவுமுறையான சொல். அது தமிழுக்குள் அக்கினியாக நுழைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆக, ஒரே குடும்பத்துச் சொல் நம்மிடம் ஒருமுறை வேள்விக் குண்டத்தின் வழியாகவும் இன்னொரு முறை கார் பட்டறையின் வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

நெருப்பின் பெயர் ஒரு பூட்டுக்கு எப்படி ஒட்டியது என்பதற்குக் காரணம் வண்டியின் வரலாற்றில் இருக்கிறது. தொடக்ககாலக் கார்களில் இந்தச் சுவிட்சுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தருவதும் நிறுத்துவதும் அதன் பணி. எஞ்சினைச் சுற்றிவிடுவது தனி வேலை. அதற்கு முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டியிருந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் வந்த பிறகும், ஸ்டார்ட்டருக்குத் தனிப் பொத்தானோ மிதியோ பல காலம் நீடித்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டை கிரைஸ்லர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பூட்டை ஸ்டீயரிங் தண்டுக்கு நகர்த்தி, சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங்கும் இறுகிக்கொள்ளும்படி செய்தது. பொறிக்கு மின்சாரம் தருவது, ஸ்டார்ட்டரைச் சுழற்றுவது, ஸ்டீயரிங்கை இறுக்குவது என வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடின. பெயர் மட்டும் முதல் வேலையிலேயே நின்றுவிட்டது.

தமிழில் எரியூட்டல், தீமூட்டல், எரிபற்றல், பற்றவைப்பு ஆகிய சொற்களை இக்னிஷனுக்கு எழுதுகிறார்கள். இவற்றுள் எரியூட்டலை நான் தவிர்ப்பேன். அது சிதைக்குத் தீ வைப்பதற்கு வழங்கும் சொல். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லத்தக்கதல்ல. எஞ்சினுக்குள் நடக்கும் நிகழ்வுக்கு எரிபற்றல் பொருத்தமானது. ஆனால் பூட்டுக்கு ‘எரிபற்றல் பூட்டு’ என்று பெயர் வைத்தால், ஆங்கிலப் பெயரில் உள்ள பழைய பிழையையும் சேர்த்து இறக்குமதி செய்தவர்களாவோம். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்கிறது. பழைய டிராக்டர்களில் சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். எரிபொருளை நிறுத்தும் குமிழை இழுத்தால்தான் நிற்கும். மின்சார ஸ்கூட்டரில் எரிவதற்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் சாவித்துளையை இக்னிஷன் என்றுதான் சொல்கிறோம். எல்லா வண்டிக்கும் பொதுவாக இந்தப் பூட்டு செய்யும் வேலை, இயக்கத்தை விடுவிப்பதும் தடுப்பதும். ஆகவே ‘இயக்குபூட்டு’ என்பதே என் தேர்வு. திறவுகோல், சுடுகாடு போல இதுவும் வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது.

பூட்டு என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உண் என்பதிலிருந்து ஊட்டு, காண் என்பதிலிருந்து காட்டு, அவ்வாறே பூண் என்பதிலிருந்து பூட்டு. பூணச் செய்தல், ஒன்றோடொன்று பிணைத்தல் என்பது இதன் அடிப்படைப் பொருள். ஏர் பூட்டுவதும் வில்லில் நாண் பூட்டுவதும் இதனால்தான். மாட்டுவண்டிக் காலத்தில் ஒரு பெரியவர் “வண்டியைப் பூட்டு” என்றால் புறப்படப் போகிறார் என்று பொருள். மாடுகளை நுகத்தடியில் பிணைத்தால்தான் வண்டி நகரும். இன்று “வண்டியைப் பூட்டு” என்றால் நிறுத்திவிட்டுச் சாவியை எடு என்று பொருள். நேரெதிரான இந்த இரண்டு ஏவல்களுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது இயக்குபூட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதே சாவி ஒரு பக்கம் திரும்பினால் மின்சுற்றைப் பிணைத்து வண்டியைக் கிளப்புகிறது; மறுபக்கம் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் ஒரு தாழை இறக்கிப் பிணைத்துவிடுகிறது.

சாவி போர்த்துக்கேயச் சொல். இலத்தீனில் ‘கிளாவிஸ்’ என்றிருந்தது போர்த்துக்கேயத்தில் ‘சாவெ’ ஆகி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவற்றோடு கடல்வழியே வந்து இந்தியில் சாபியாகவும் தமிழில் சாவியாகவும் தங்கிவிட்டது. நெல் மணி பிடிக்காமல் பதராகப் போவதை உழவர்கள் சாவி என்பார்களே, அது சா என்னும் வினையில் பிறந்த நம் சொல், இரண்டுக்கும் தொடர்பில்லை. போர்த்துக்கேயர் வருமுன் நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமலில்லை. தாழ் என்ற சொல் கோல் என்பதோடு சேரும்போது இடையில் ‘அக்கு’ச் சாரியை வந்து ‘தாழக்கோல்’ ஆகலாம் என்று தொல்காப்பியப் புள்ளிமயங்கியல் தனி நூற்பாவே வகுத்திருக்கிறது. தமிழ் அதைக் கைவிட்டது. மலையாளம் ‘தாக்கோல்’ என்று இன்றும் அன்றாடம் சொல்கிறது. இலங்கைத் தமிழர் ‘திறப்பு’ என்பர். திறவுகோல் நல்ல சொல்தான், ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் அது விவிலியத்துக்கும் மேடைக்கும் உரியதாகிவிட்டது. சாவியை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

மாற்றவேண்டியது, ஒரு பூட்டை வேறு சாவிக்குப் பொருந்தச் செய்வதைக் குறிக்கும் ‘ரீகீ’ என்ற சொல். அதை ‘மறுசாவியிடல்’ என்று பெயர்ப்பவர்கள், சாவியில் ஏதோ செய்கிறார்கள் என்ற மயக்கத்தை உண்டாக்குகிறார்கள். நடப்பது பூட்டுக்குள்.

என் பழைய காரில் எஞ்சின் ஓடும்போதே சாவியைக் கையோடு உருவிவிடலாம் என்ற நிலை வந்தபோது, பேருந்து நிலையத்தருகே மரப்பெட்டியுடன் அமர்ந்திருக்கும் சாவிக்காரர் ஒருவரிடம் போனேன். சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, பூட்டின் வெளிக்கூட்டில் உள்ள பக்கத்துத் துளையில் மெல்லிய கம்பியால் முளையை அமுக்கியதும் ‘பேரல்’ எனப்படும் உருளை வெளியே வந்தது. செய்தித்தாள் விரித்து அதன்மேல் அவர் உருளையைக் கவிழ்க்க, விரல்நகத்தளவு பித்தளைத் தகடுகளும் குண்டூசித் தலை போன்ற ஸ்பிரிங்குகளும் உதிர்ந்தன. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு செவ்வகத் துளை; அந்தத் துளை அமைந்திருக்கும் உயரம் தகட்டுக்குத் தகடு வேறு. உரிய சாவி நுழைந்தால் அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் உருளையின் மேற்பரப்போடு சமமாக்கும், உருளை சுழலும். ஒரே ஒரு தகடு துருத்திக்கொண்டிருந்தாலும் கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். “சாவியும் தேஞ்சிருக்கு, தகடும் தேஞ்சிருக்கு, ரெண்டும் ஒண்ணா தேஞ்சதாலதான் இத்தனை நாள் ஓடுச்சு சார்” என்றார்.

தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுக்கிறோம். வண்டியோடு தந்த சிறு தகட்டுச் சீட்டிலோ பழைய பூட்டின் மேலோ எண் இருந்தால் அந்த எண்ணைக் கொண்டு புதுச் சாவி வெட்டுவதே சரி. துருத்தும் தகடுகளை அரம் போட்டுச் சமப்படுத்திவிடுவது சிலருடைய குறுக்குவழி. அப்படிச் செய்தால் பொருந்தாத சாவிகளும் திரும்பத் தொடங்கும். முறையான வேலை, தகடுகளை எடுத்துவிட்டுச் சாவியின் வெட்டுக்கு ஏற்ற உயரமுள்ளவற்றை வரிசையாக அடுக்குவது. ஆகவே இதற்குத் ‘தகடு மாற்றம்’ என்பதே தெளிவான பெயர். பட்டறையில் “லாக்கைச் சாவிக்கு செட் பண்றது” என்று சொல்வதும் பொருளில் அதுவே.

பூட்டையே மாற்றுவது வேறு. ஸ்டீயரிங்கோடு பூட்டும் கூடு, இறுக்கியதும் தலை முறிந்துவிடும் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். திருடனுக்கு ஸ்பேனர் பிடிமானம் கிடைக்கக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதைக் கழற்ற உளி வைத்துத் தட்டவோ துளையிடவோ வேண்டும். மாற்றிய பிறகு கதவுக்கும் டிக்கிக்கும் பழைய சாவி, இயக்குபூட்டுக்குப் புதுச் சாவி என இரண்டைச் சுமக்க நேரும். அதைத் தவிர்க்க மூன்றையும் ஒன்றாக ‘லாக் செட்’டாக வாங்கலாம், அல்லது, புதுப் பூட்டும் அதே வகையாக இருந்தால், பழைய சாவிக்கு ஏற்ற தகடுகளை அதற்குள் போடச் சொல்லலாம். சாவிக்காரர் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டவேண்டும். கேட்காத சாவிக்காரரிடம் வண்டியை விடாமலிருப்பது நல்லது. என்னிடம் கேட்டார். எண்ணின்படி சாவி வெட்டி, ஐந்து தகடுகளை மட்டும் மாற்றினார். கதவுப் பூட்டுகளும் அந்தச் சாவிக்கே திறந்தன.