போர்வெல் மானியமும் பிர்கா வகையும்: கண்காணிப்புக் கிணறு எங்கே இருக்க வேண்டும்?

சொட்டுநீர் போடும் விவசாயிக்கு, துணைநீர் மேலாண்மைத் திட்டத்தில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட 25,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் உங்கள் பூமி ‘பாதுகாப்பான’ பிர்காவில், அதாவது நிலத்தடி நீர் அளவோடு எடுக்கப்படும் வருவாய்க் குறுவட்டத்தில், இருந்தால்தான் அது கிடைக்கும். பல்லடம் பக்கமோ அன்னூர் பக்கமோ இருப்பவர் விண்ணப்பத்தோடு போனால், அதிகாரி முதலில் கேட்பது பிர்காவின் பெயரைத்தான். தொழிற்சாலைக்கு நிலத்தடி நீர் எடுக்கத் தடையில்லாச் சான்று கேட்பவருக்கும் அதே கேள்விதான்.

தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிர்காக்கள். ஓர் ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் எத்தனை சதவீதம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. 70 வரை பாதுகாப்பானது, 70 முதல் 90 வரை மிதமான அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. மாநில நீர்வளத் துறையும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் சேர்ந்து இதைக் கணக்கிடுகின்றன; 2022-லிருந்து ஆண்டுதோறும் நடக்கிறது.

மழையால் எவ்வளவு நீர் ஊறியது என்பதற்குப் பெரிய ஆதாரம், கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் ஏறியது என்ற அளவு. மத்திய வாரியம் தன் கிணறுகளை வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. 2016-ல் தொடங்கிய தேசிய நீரியல் திட்டத்துக்குப் பிறகு, ஒரு நாளில் பலமுறை தானே அளந்து அனுப்பும் கருவிகளும் பல கிணறுகளில் இறங்கியிருக்கின்றன.

கொங்கு மண்ணுக்கடியில் கெட்டிப் பாறை. நீர் நிற்பது மேலே சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழே ரிக் வண்டிக்காரர்கள் ‘கேப்’ என்று சொல்லும் வெடிப்புகளிலும்தான். இந்தப் பாறையின் கொள்ளளவில் வடிந்து வரும் நீர் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்குதான். ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் கிடைப்பது 1.5 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் பன்னிரண்டு லோடுக்குக் கொஞ்சம் மேல். அதையே 100 சதுர கிலோமீட்டர் பிர்காவுக்குப் பெருக்கினால் 150 கோடி லிட்டர். சராசரி ஏற்றத்தை ஒரு மீட்டர் தப்பாக எடுத்தால் பிழையும் அவ்வளவு பெரிது. எல்லைக்கோட்டில் நிற்கும் பிர்கா இதனாலேயே வகை மாறிவிடலாம்.

ஒரு பிர்காவின் கண்காணிப்புக் கிணறு பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் ஓரமாக இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பாசன மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டதும் மட்டம் ஏறும். மேட்டுக்காட்டில், நாலு மைல் தள்ளி, கிணறு காய்ந்து கிடக்கும். ஏட்டில் பிர்கா நன்றாகவே தெரியும். இன்னொரு தொல்லை திறந்த கிணறு. அது அடி வரை வற்றினால் குறிப்பில் ‘வறண்டது’ என்று மட்டும் விழும், எண் இருக்காது. எண் இல்லாததைச் சராசரியில் சேர்க்க முடியாதே! கஷ்டத்தில் இருக்கும் கிணறு கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான், நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மாதிரி (மாடல்) உதவுகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1984-ல் வெளியிட்ட மோட்ஃப்ளோ இன்றும் இத்துறையில் முதன்மையான மென்பொருள், இலவசமாகவே கிடைக்கிறது. நொய்யல் வடிநிலத்தை எடுத்துக்கொண்டால், அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பாறையின் தன்மை, மழை, வாய்க்கால் கசிவு, மோட்டார் இறைக்கும் அளவு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். மாதிரி சொல்லும் மட்டம் கிணற்றில் அளந்த மட்டத்தோடு ஒத்துவரும் வரை திருத்த வேண்டும். பிறகு ஒரு கிணற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பார்க்கலாம். விடை அசையாவிட்டால், பக்கத்துக் கிணறு சொல்வதையே அதுவும் சொல்கிறது. எந்தக் கட்டத்தில் விடை அதிகமாகத் தடுமாறுகிறதோ, அங்கே புதுக் கண்காணிப்புப் போர் போட வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இந்த வேலைதான் முதலில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் மாதிரியை முழுக்க நம்பவும் முடியாது. ஒரே வரப்புக்கு இந்தப்புறம் 300 அடியில் தண்ணீர், அந்தப்புறம் 1,000 அடியிலும் புழுதி என்பது இங்கே சகஜம். அந்த வெடிப்பெல்லாம் கட்டத்துக்குள் அடங்காது. தோட்டத்து மோட்டார்கள் எவ்வளவு இறைக்கின்றன என்பதும் உத்தேசக் கணக்குதான். இலவச மின்சார இணைப்புகளில் பெரும்பாலும் மீட்டர் ஏது?

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றிய சண்டைக்கும் இதில் வேலை இருக்கிறது. கசிவு நின்றால் கிணறு வற்றும் என்கிறது ஒரு தரப்பு, கசிவால் கடைமடைக்குத் தண்ணீர் போவதில்லை என்கிறது இன்னொன்று. வாய்க்காலுக்குக் குறுக்காக, ஓரத்திலும் அரைக் கிலோமீட்டரிலும் இரண்டு கிலோமீட்டரிலும் வரிசையாகக் கண்காணிப்புப் போர்கள் இருந்தால் பாதி வாதம் அளவிலேயே தீரும். பவானி ஆற்றின் உபரி நீரால் குளங்களை நிரப்ப 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் 1,045 குளம் குட்டைகளுக்கும் இதே முறை பொருந்தும்.

உங்கள் பிர்கா எது என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டால் தெரிந்துவிடும். கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டம் மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-வ்ரிஸ் (India-WRIS) இணையதளத்தில் பொதுவாகவே கிடைக்கிறது. உங்கள் ஊர்க் கிணறு அதில் இல்லாவிட்டால், அல்லது பட்டியலில் இருக்கும் கிணறு மூடப்பட்டோ குப்பை கொட்டப்பட்டோ கிடந்தால், சர்வே எண்ணோடு நீர்வளத் துறையின் நிலத்தடி நீர் கோட்டத்துக்கு எழுதுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.