தெர்மல் புளூம்: வெந்நீர்த் தோகை

கடல்நீரை எடுத்துத் தன்னைக் குளிரூட்டிக்கொள்ளும் மின்நிலையம், அந்த நீரைச் சூடாகத் திருப்பி விடுகிறது. வாய்க்கால் முனையிலிருந்து நீண்டு விரிந்து கிடக்கும் அந்தச் சூட்டு நீருக்குத்தான் தெர்மல் புளூம் என்று பெயர். லத்தீனில் புளூமா என்றால் இறகின் மென்தூவி. அதைப் பார்த்து ‘வெப்பச் சிறகு’ என்று பெயர்த்தால் பொருந்தாது, சிறகு பறப்பதற்கு உள்ளது. இதுவோ தொடங்கும் இடத்தில் ஒடுங்கி, போகப் போக அகன்று, நீரோட்டம் இழுத்த பக்கம் வளையும். மயில் பின்னால் இழுத்துக்கொண்டு நடக்கிற தோகையேதான். அதனால் நான் வெந்நீர்த் தோகை என்பேன். திருநெல்வேலிப் பக்கம் ‘வெந்நி’ என்றால் குழந்தைக்கும் தெரியும்.

அண்டாவில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, மேலே மெதுவாக வெந்நி ஊற்றிவிட்டுக் கையை விடுங்கள். விரல் சுடும், கையை முழங்கை வரை இறக்கினால் அடியில் சில்லென்று இருக்கும். சூடான நீர் லேசானது, அதனால் மேலேயே மிதக்கும். தோகையும் அப்படித்தான்.

அளவு சின்னதல்ல. கூடங்குளத்தில் ஓர் உலையின் வெப்பம் 3,000 மெகாவாட், மின்சாரம் 1,000 மெகாவாட். மிச்ச வெப்பத்தில் பெரும்பகுதி கடலுக்குத்தான். 7 டிகிரி மட்டும் சூடேற்றி அதை வெளியேற்ற, விநாடிக்கு ஏறக்குறைய 70,000 லிட்டர் நீர் வேண்டும். புதிய கடலோர அனல்மின் நிலையங்களுக்கு நம் நாட்டு விதி வைத்திருக்கும் வரம்பும் அந்த 7 டிகிரிதான்.

கூடங்குளம் திறந்த கடல். கழிமுகம் என்றால் கதை வேறு. ஆறு கடலில் சேரும் அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘எஸ்சுவரி’. அதன் வேரான லத்தீன் ஏஸ்டஸ், வெப்பத்தையும் குறிக்கும், கடல் ஏறி வற்றும் ஓதத்தையும் குறிக்கும், இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழில் கழி என்றால் உப்பங்கழி, அதன் வாய் கழிமுகம். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பெயரிலேயே காயல் இருக்கிறது. அந்தக் கரையில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது. அப்படிப்பட்ட இடத்தில் வெந்நீர் விட்டால் எளிதில் கடலுக்குப் போய்விடாது. வற்றும்போது வெளியே நீண்ட தோகை, ஏறும்போது மடங்கி உள்ளே வரும்.

சரி, இந்தத் தோகை எங்கே போகும் என்று முன்கூட்டியே பார்க்க ‘மாடலிங்’ செய்கிறார்களே, அது என்ன? தோகையைக் கணினியில் கணக்காகப் போட்டுப் பார்ப்பது, அந்தக் கணக்குக்கு ‘மாதிரி’ என்று பெயர். வாய்க்கால் முனையில் நீர் பீய்ச்சிக் கலப்பதற்கு ஒரு கணக்கு. அப்புறம் ஓதமும் காற்றும் தோகையை எங்கே தள்ளும், எவ்வளவு சூடு வானத்துக்குப் போகும் என்பதற்கு இன்னொரு கணக்கு. கழிமுகத்தில் நாள் சராசரி போதாது. ஓதம் நின்று திரும்பும் சிறு நேரத்தில் நீர் நகராது, தோகை முனையிலேயே தேங்கும். நண்டுக்குஞ்சும் மீன்குஞ்சும் கிடக்கும் இடத்தில் அந்நேரம் எத்தனை டிகிரி என்பதைத்தான் மாதிரி முதலில் சொல்ல வேண்டும்.