தகவற்படம்: ‘இன்போகிராபிக்’ என்பதற்கு நிகரான தமிழ்ச்சொல்

மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது யாழ்ப்பாணத்துப் பாடசாலைச் சுவர்களில் ஒட்டப்படும் தாள்களை, அவற்றை வடிவமைக்கும் இளைஞர்கள் ‘இன்போகிராபிக்’ என்றே அழைக்கின்றனர். சொல், படம், எண் ஆகிய மூன்றையும் ஒரே பரப்பில் பொருத்தி, பார்த்த மாத்திரத்தில் செய்தி விளங்கும்படி அமைத்த ஆக்கம் என்பது இச்சொல்லின் பொருள். நுளம்பின் படத்தைப் பெரிதாக மேலே போட்டு, கீழே இருபது வரி அறிவுரையை நிரப்பிய தாள் இப்பெயருக்கு உரியதன்று. அது படம் ஒட்டிய அறிவித்தல். படத்தை எடுத்தால் சொல்லும், சொல்லை எடுத்தால் படமும் குறைப்பட்டு நிற்கும் இடத்திலேயே இப்பெயர் பொருந்தும்.

ஆங்கிலச் சொல், ‘இன்பர்மேஷன்’, ‘கிராபிக்’ என்னும் இரண்டும் ஒட்டி 20ஆம் நூற்றாண்டில் உருவான கூட்டுச்சொல். முன்னதன் இலத்தீன் வேர் ‘உருக் கொடுத்தல்’ எனப் பொருள்படும். பின்னதன் கிரேக்க வேருக்குக் கீறுதல் என்பது முதற்பொருள். எழுதுதலும் வரைதலும் அதிலிருந்து விரிந்தவை. ‘படம் கீறினான்’ என்று இன்றும் பேசும் யாழ்ப்பாணத்தவருக்கு இந்த விரிவை விளக்கவேண்டியதில்லை.

பழந்தமிழிலும் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் இடையே இன்றுள்ள வேலி இருக்கவில்லை. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்னும் குறளில் (1285) எழுதுதல் என்பது கண்ணுக்கு மை தீட்டுதல். பரிபாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை ‘எழுத்துநிலை மண்டபம்’ என்கிறது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று குறிக்க, நச்சினார்க்கினியர் அத்தொடருக்கு, பார்ப்பவரின் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துவோர் என்ற கருத்தில் உரை கூறுகிறார். இன்றைய வடிவமைப்பாளருக்கு இதைவிடச் செப்பமான வரைவிலக்கணம் கிடைப்பது அரிது. ‘படம்’ முதலிற் சீலையைக் குறித்த வடசொல். சீலையில் எழுதிய ஓவியத்துக்கும் பின்னர் அதுவே பெயராயிற்று.

பெயர் புதிதாயினும் தொழில் பழையது. வில்லியம் பிளேபெயர் 1786இல் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் ஸ்கொட்லாந்தின் வணிகக் கணக்கை நிரல்களாகவும் வரைந்து காட்டினார். 1854இல் இலண்டனின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் இறப்புகளை வீடு வீடாகத் தேசப்படத்திற் கறுப்புக் கோடுகளாகக் குறித்தார். அவை ஒரு தெருக் கிணற்றின் பம்பைச் சூழ்ந்து நெருங்கி நின்றன. பம்புகள் இருந்த இடங்களில் ‘பம்ப்’ என்னும் சொல்லும் எழுதப்பட்டிராவிட்டால் அக்கோடுகள் எதையும் உணர்த்தியிரா.

கிணற்றைப் பற்றிய பேச்சென்றால் நமக்கு அயலில் தேடவேண்டியதில்லை. வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கூறும் விதி. ஆகவே மேல்மட்டம் 1 அடி இறங்கினால், காலப்போக்கில் உவர்நீர் கீழிருந்து 40 அடிவரை ஏற இடமுண்டு. இதை எத்தனை முறை வாயாற் சொன்னாலும், இறைப்பு இயந்திரம் வைத்திருக்கும் தோட்டக்காரர், ஓர் அடிக்கு இவ்வளவா என்று ஐயத்தோடுதான் பார்ப்பார். கரையிலிருந்து கரைவரை ஒரு குறுக்குவெட்டுமுகத்தைக் கீறி, நடுவே தடித்து ஓரங்களில் மெலியும் வில்லையைக் காட்டி, நீர் இறைக்கும் குழாயின் நேர்கீழே உவர்நீர் கூம்பாக மேலெழுவதையும் வரைந்து, ‘நன்னீர்’, ‘உவர்நீர்’, ‘1’, ‘40’ என்று மட்டும் எழுதிவிட்டால், நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதன் காரணமும் அதே படத்திற் புலப்படும். எனினும் இப்படம் ஒரு பொய்யும் சொல்லும். பல கிலோமீற்றர் அகலமுள்ள நிலத்தை உண்மை அளவிடையில் வரைந்தால் வில்லை மெல்லிய கோடாகிவிடும் என்பதால், உயரத்தை மிகைப்படுத்தியே வரைகிறோம். ‘நிலைக்குத்து அளவிடை மிகைப்படுத்தப்பட்டது’ என்ற ஒரு வரியை மூலையில் எழுதாவிட்டால், அந்தப் பொய் திருத்தப்படாமலே நின்றுவிடும்.

இனித் தமிழ்ப்பெயர். ‘தகவல் வரைகலை’ என்பது கலையைக் குறிக்கும், அக்கலையால் ஆன ஒரு தாளைக் குறிக்காது. ‘பத்து வரைகலைகள் ஒட்டினோம்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘வரைபடம்’ தமிழ்நாட்டில் நாம் தேசப்படம் என்பதையும் குறிப்பதால் மயக்கம் தரும். ‘வரைபு’ நம் கணித பாடத்திற்கு உரியது. அரசியலமைப்பு வரைபு என்னும்போது அது முதல் நகலையும் சுட்டும். ‘விளக்கப்படம்’ நல்ல சொல்லே, ஆயினும் கட்டுரைக்குத் துணையாக ஓரத்தில் நிற்கும் எந்தப் படத்துக்கும் அது பொருந்திவிடுகிறது. இவற்றுள் ‘தகவற்படம்’ என்பதையே நான் தெரிவேன். தகவலைத் தரும் படம் என விரிவதும், ‘தகவற்படங்கள்’ என எளிதிற் பன்மையாவதும் அதன் நலன்கள். சொல்லும் பொருளும் சொற்பொருளாவதுபோல், தகவலும் படமும் சேருமிடத்தில் லகரம் றகரமாகும். ஆகவே ‘தகவல்படம்’ என்று எழுதவேண்டா. தகவற்படத்துக்குள் அடங்கும் உறுப்புகளுக்கு நம் பாடசாலைகளில் வழங்கும் வட்ட வரைபு, நிரல் வரைபு, தேசப்படம் என்னும் பெயர்களே போதும்.