பசை அல்ல, பேணுசெல்

வலிப்பு நோய் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘பசைச் செல்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. மூளையில் நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் கிளியா செல்லுக்குத் தமிழில் வைத்த பெயர் அது. கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை. ஜெர்மானிய நோயியலார் ருடால்ஃப் விர்ச்சோ 1856இல் நியூரோகிளியா என்று பெயரிட்டு, ‘நரம்பு மக்கு’ என்று தம் மொழியில் விளக்கினார். தச்சர் இடுக்கில் அடைக்கும் அதே மக்குதான். சொற்பிறப்பு இவ்வளவே.

அந்தக் கருத்தே பிழை என்பதுதான் சிக்கல். ஆங்கிலத்தில் படிப்பவருக்குக் கிளியா வெறும் பெயர், உள்ளே இருக்கும் பசை கண்ணில் படாது. தமிழில் ‘பசை’ என்றதும் கோந்துப் புட்டி நினைவுக்கு வருகிறது.

இச்செல்கள் உண்மையில் என்ன செய்கின்றன? நரம்பணு துடிக்கும்போதெல்லாம் பொட்டாசியம் வெளியே வருகிறது. ஓய்வில் லிட்டருக்குச் சுமார் 3 மில்லிமோல் இருப்பது வலிப்பின்போது 10, 12 வரை ஏறும். ஏறினால் பக்கத்து நரம்பணுக்களும் எளிதில் துடிக்கும். அதை வடிப்பது கிளியா வகைகளில் ஒன்றான விண்மீன் வடிவச் செல்லில் உள்ள கிர் 4.1 அயனிக் கால்வாய். அதற்கான மரபணு பழுதானால் சிறு வயதிலேயே வலிப்பும் தள்ளாட்டமும் வரும். நரம்பணுக்கள் செய்தி கடத்தும்போது சிந்திய குளூட்டமேட்டை உள்ளிழுத்துக் குளூட்டமினாக மாற்றுவதும் இதே செல்தான். நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள பொட்டு மடலில் எழும் வலிப்பில், அங்குள்ள ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதி வடுவாகிப்போன நோயாளிகளிடம் அப்படி மாற்றும் நொதி குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இதில் பசைக்கு என்ன வேலை?

கிளியோசிஸை ‘பசைப் பெருக்கம்’ என்பது இன்னும் கொடுமை. ஸ்கேன் அறிக்கையில் அதைப் படிப்பவர் மூளைக்குள் ஏதோ ஊறிக் கெட்டிப்பட்டதாகவே நினைப்பார். செல்கள் பருத்து, பெருகி, வடுவாவதுதான் அது.

‘துணைச் செல்’ என்போரும் உண்டு. தாவரவியலில் சல்லடைக் குழாயை ஒட்டியிருப்பதற்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. ‘நரம்பல்லாச் செல்’ என்றால் இரத்தக்குழாய்ச் சுவரின் செல்லும் உள்ளே வந்துவிடும்.

பேணுசெல் என்பதே என் தேர்வு. வினைத்தொகை, பேணிய, பேணுகிற, பேணும் மூன்றும் அடங்கும். பேணல் தவறுவதையும் இச்சொல்லை வைத்தே சொல்லலாம். ‘செல்’ உறுத்தினால் பேணுயிரணு என்க, சண்டையில்லை. மைக்ரோகிளியா நுண்பேணுசெல். கிளியோசிஸ் பேணுசெல் வடு. அஸ்ட்ரோசைட் விண்மீன் பேணுசெல். ‘நட்சத்திர செல்’ என்று ஒற்றையும் விழுங்கி எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ‘ச்’சையாவது திருப்பித் தரட்டும்.