கல்ச்சர்: கலாச்சாரமா, பண்பாடா?

தத்துவ நூல்களைத் தமிழாக்குகிறவர்கள் ‘கல்ச்சர்’ வந்த இடமெல்லாம் ‘கலாச்சாரம்’ என்று போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சிலர் ‘நாகரிகம்’ என்றும் மாற்றிப் போடுகிறார்கள், எல்லாம் ஒன்றுதானே என்கிற நினைப்பில். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

நிலத்தைப் பயிர்செய்வதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது கல்ச்சர். ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ அதை மனத்துக்கும் ஏற்றிச் சொன்னார். சிவிலைசேஷன், குடிமகனைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வழியாக வந்தது. நகரத்தோடு உறவுள்ள நாகரிகம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. சண்டை கல்ச்சரில்தான்.

கலாவும் ஆசாரமும் சேர்ந்தால் ‘கலாசாரம்’தான் வரும். நடுவில் அந்த ‘ச்’ எங்கிருந்து முளைத்ததோ! இலங்கையில் இன்றும் கலாசாரம் என்றே எழுதுகிறார்கள். அது போகட்டும். கலை, ஆசாரம் இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை: உடை, சடங்கு, விழா. மனம் பக்குவப்படுவதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. அதனால்தான் லஞ்சக் கலாச்சாரம், கட்அவுட் கலாச்சாரம் என்று எதனோடும் கூச்சமில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. ‘லஞ்சப் பண்பாடு’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மறுக்கும்.

பண்பாடு என்னும் சொல் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் ஆக்கம் என்பார்கள். ஆனாலும் வேர் பழையது. ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்கிறது கலித்தொகை. நிலத்தையும் பண்படுத்துகிறோம், மனமும் பண்படுகிறது. லத்தீன் உழவுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது.

1784இல் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் எழுதினார்: கலையாலும் அறிவியலாலும் பண்பட்டிருக்கிறோம், மரியாதை உபசாரங்களில் திகட்டும் அளவுக்கு நாகரிகமடைந்திருக்கிறோம், அறமுடையவர்கள் என்று சொல்லிக்கொள்ள மட்டும் இன்னும் எவ்வளவோ பாக்கி. அறம் என்னும் எண்ணம் பண்பாட்டைச் சேர்ந்தது, அதை வெளி ஒழுங்காகச் சுருக்கிக்கொண்டால் மிஞ்சுவது நாகரிகம் மட்டுமே என்பது அவர் வாதம். இங்கே பண்பாட்டை எடுத்துவிட்டுக் கலாச்சாரத்தை வைத்தால் வாதம் தலைகீழாகிவிடும். ஆசாரம், உபசாரம் எல்லாம் அவர் குறைசொன்ன பக்கத்தில் அல்லவா இருக்கின்றன?

என் கட்சிக்கு இடைஞ்சல் வள்ளுவர்தான். ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்’ என்னும் குறளில் நாகரிகம் கண்ணோட்டத்தை, அதாவது பிறர்மேல் கொள்ளும் இரக்கத்தைக் குறிக்கிறது. வெறும் உபசாரம் அல்ல. ‘அநாகரிகமாகப் பேசாதே’ என்று அதட்டும்போதும் அந்தப் பழைய பொருளின் சாயல் இருக்கிறது. ஆகவே காண்ட் குறைசொன்ன அந்த உபசார நாகரிகத்துக்கு யாராவது ‘புறநாகரிகம்’ என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.